இரண்டு மணி நேரத் தூரத்தில் அக்கா

ரோமிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் அறுநூறு மைல்கூட முழுதாக வராது. ஏறக்குறைய மெட்ராஸிலிருந்து பம்பாய்க்குப் பறக்கிற தூரம்தான். லண்டனிலிருந்து பாரிஸுக்கு ஒரு மணி நேரம். கொடுத்த காப்பி ஆறுவதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜெனீவாவுக்கு ஒன்றரை மணி. இந்த ஊர்களில் ஒன்றின் தெருவிலும் நான் கால் வைத்ததில்லை. இரண்டு ஊர்களில், விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் கூடத்தில் கால் வீங்க உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் எனக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள உறவு. ஆனால் எண்பதுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன் என்பதால், இந்தத் தூரங்கள் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனதில் ஏறிக் கிடந்தன. இன்றும் இறங்கவில்லை.

சலவைக் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான இடம் அது. மூன்று மேசை, பச்சை எழுத்துக் கம்ப்யூட்டர் ஒன்று, டெலிஃபோன் டைரக்டரி கனத்துக்கு ஒரு விமான அட்டவணைப் புத்தகம். கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துவிடும் என்பதால் புத்தகத்தைத்தான் நம்புவோம். நாடு முழுக்க இருந்த நம் ஆட்கள் ஒருவர் சொல்லி ஒருவராக எங்களுக்குப் போன் செய்வார்கள். தமிழ் பேசினால் என் மேசைக்குத் தள்ளிவிடுவார் முதலாளி.

சான் ஹோசேயிலிருந்து ஒருவர் கூப்பிடுவார். "மேடம், பிராங்க்பர்ட்ல அஞ்சு மணி நேரம் வெயிட் பண்ணணுமே. அப்படியே வெளிய போய் ஊரைப் பாத்துட்டு வந்துடலாமா?" விசா இருக்கிறதா என்று கேட்பேன். "ஓ, அதுக்கு வேற விசாவா?" என்பார். ஹூஸ்டனிலிருந்து ஒரு பெண், "லண்டன் டு பாரிஸ் ஒன் அவர்தானே ஆன்ட்டி? காலைல போய் சுத்திட்டு சாயந்தரம் வந்து மெட்ராஸ் ஃப்ளைட்ட கேட்ச் பண்ணிடலாம்ல?" என்பாள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்காகவே அவளை மிக மோசமான சீட்டில் உட்கார வைக்கலாமா என்று தோன்றும்.

பறக்கிற நேரம் வேறு, போய்ச் சேருகிற நேரம் வேறு. விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், விசா வேண்டும், பெட்டி வர வேண்டும், வெளியே வந்தால் பஸ் இருக்க வேண்டும். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேனோ தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இதே பாடத்தை என் அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை.

அக்கா கன்னியாஸ்திரி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே எங்கள் ஊர் திருச்சியிலேயே மடத்தில் சேர்ந்து, நர்சிங் படித்து, துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, பிறகு ரோமில் இருக்கும் அவர்கள் சபையின் தலைமை மடத்துக்கு அனுப்பப்பட்டாள். அங்கே வயதாகிப் படுத்துவிட்ட சிஸ்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தோட்டத்தில் தள்ளிக்கொண்டு போவது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வரலாம் என்பது அவர்கள் சட்டம். அவள் முறை வந்த வருஷம் அங்கே வேறொரு சிஸ்டர் நோயில் விழுந்ததால் அதுவும் தள்ளிப்போனது.

நடுவில் அப்பா இறந்துபோனார். தந்தி ரோமுக்குப் போய், மடத்துத் தலைவியான மதர் அனுமதி கொடுத்து, டிக்கெட் கிடைப்பதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. இனி வந்து என்ன என்று அக்கா வரவில்லை. அம்மா அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பயம் மட்டும் அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது. தன் விஷயத்திலும் அப்படித்தான் நடக்கும், தான் கண்ணை மூடிய பிறகுதான் மூத்தவளுக்குச் செய்தி போகும் என்று நினைக்க ஆரம்பித்தாள். சாவதற்குள் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை.

நான் முதல் பிள்ளைக்கு உண்டானேன். முறைப்படி நான்தான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். லீவு இல்லாததால் அம்மா என் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. வருகிற பாதை பிராங்க்பர்ட் வழி என்று டிரங்க் காலில் சொன்னேன். அம்மாவுக்கு டெலிஃபோன் என்றால் கத்த வேண்டும். அமெரிக்காவுக்கு என்றால் இன்னும் கத்த வேண்டும்.

"அங்கிருந்து ரோம் எம்புட்டுத் தூரம்டீ?"

"ரெண்டு மணி நேரம்மா. பிளேன்ல."

சொல்லியிருக்கவே கூடாது. தொழில் புத்தி, வாயில் வந்துவிட்டது.

"ரெண்டு மணி நேரமா? தஞ்சாவூருக்கு பஸ்ல போற நேரம்! கூப்பிடு தூரத்துல இருக்காளா? அப்ப வந்து என்னப் பாக்கச் சொல்லுடீ!"

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டு மணி நேரத்துக்கு நடுவில் என்னென்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ரோம் வழியாகவே வரும் விமானம் ஒன்றும் இருந்தது. அது முக்கால் மணி நேரம் நிற்கும், பயணிகளை இறங்கவிடமாட்டார்கள். அக்கா கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். ஜெர்மனிக்குள் நுழைய விசா வேண்டும், அதற்கு வாரக் கணக்கில் அலைய வேண்டும். அம்மாவும் பிராங்க்பர்ட்டில் வெளியே வர முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அதுபோல ஆகாயத்தில் வழி இருந்தது, தரையில்தான் இல்லை.

ஏழு மாத வயிற்றை மேசையில் முட்டிக்கொண்டு அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்கு அது தோன்றியது. இருவருமே வெளியே வர வேண்டாமே. அம்மா பம்பாயிலிருந்து காலையில் பிராங்க்பர்ட்டில் இறங்குகிறாள். நியூயார்க் விமானம் மத்தியானம்தான். அக்கா ரோமிலிருந்து காலை விமானத்தில் வந்து, அதே டிரான்சிட் கூடத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டு, பிற்பகல் விமானத்தில் திரும்பிவிடலாம். கூடத்தைத் தாண்டாதவரை யாரும் விசா கேட்கப்போவதில்லை. நடுவில் முழுதாக நாலு மணி நேரம் கிடைக்கும். கண்டுபிடித்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். முதலாளி எனக்கு வலி எடுத்துவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனார்.

ரோமில் மதர் யோசித்தார்கள். நர்ஸ் இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் கிழவிகளை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். கடைசியில், காலைப் பூசை முடிந்து போய் மாலைச் செபத்துக்குள் திரும்புவதாக இருந்தால் சரி என்றார்கள். ஏஜென்சிக்காரர்களுக்குக் கிடைக்கும் சலுகை டிக்கெட் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். கூடத்தின் நடுவில் விமான நேரங்களைக் காட்டும் பெரிய பலகை ஒன்று இருக்கும், அதன் கீழே சந்திப்பது என்று பேசிக்கொண்டோம்.

இனி சக்கர நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களிடையே அப்போது ஒரு வழக்கம் பரவியிருந்தது. ஊரிலிருந்து பெற்றவர்களை வரவழைக்கும்போது, கால் நன்றாக இருந்தாலும் டிக்கெட்டில் வீல் சேர் என்று போட்டுவிடுவோம். இங்கிலீஷ் தெரியாத அம்மா பம்பாயில் இந்த டெர்மினலிலிருந்து அந்த டெர்மினலுக்கு எப்படிப் போவாள், பிராங்க்பர்ட்டில் எந்த கேட் என்று யாரைக் கேட்பாள்? நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் ஒருவர் தள்ளிக்கொண்டு போய் விமானத்திலேயே ஏற்றிவிடுவார். கெட்டித்தனம்தான். எங்கள் ஊர் விமானப் பயணிகள் வரும் நாளில் நியூயார்க் விமான நிலையத்தில் நாற்காலிகள் வரிசையாக வரும். வாசலைத் தாண்டிப் பிள்ளைகளைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து நடப்பார்கள். வேளாங்கண்ணி மாதா புதுமை செய்துவிட்டார் என்றுதான் பார்க்கிற வெள்ளைக்காரன் நினைத்திருப்பான்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் விடிகாலையில் கோவிலுக்கு நடந்துபோய்ப் பூசை கண்டு, வரும் வழியில் மார்க்கெட்டில் நின்று பேரம் பேசிக் காய்கறி தூக்கிக்கொண்டு வருகிறவள்.

"இல்லாத நோவச் சொல்றது பாவம்டீ. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"எம் பொண்ணு செய்யச் சொன்னான்னு சொல்லு. பாவம் எனக்கு வரட்டும்."

"நாலு பேரு பாத்தா?"

"நாலு பேரும் ஜெர்மன்காரன். உன்ன யாருக்குத் தெரியும்? இங்க பாரும்மா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ஏர்போர்ட்ல எங்கேயும் எழுந்திரிக்காத. நீ நல்லா நடக்கிறத எவனாவது பாத்தான்னா, பொய் சொல்லி வந்திருக்கான்னு திருப்பி அனுப்பிருவான். என்ன ஆனாலும் எழுந்திரிக்காத. நான் சொல்றப்பதான் எழுந்திரிக்கணும்."

திருப்பி அனுப்பும் கதை சும்மா சொன்னது. எல்லோரும் தங்கள் அம்மா அப்பாவுக்குச் சொல்வதுதான். பாத்ரூம் போவதற்காக எழுந்துபோய்க் காணாமல் போன ஒரு மாமாவின் கதையை எங்கள் ஏஜென்சியிலேயே கேட்டிருந்தேன்.

அவர்கள் சந்திக்க வேண்டிய நேரத்தில் நியூ ஜெர்சியில் விடிந்திருக்கவில்லை. விழித்திருந்து செபமாலை சொல்வது என்று இருந்தேன், தூங்கிப்போனேன். அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் என்பது வருவதில்லை, நான்தான் அதற்குள் விழுவேன். ரயிலில், வேலையில், ஒருமுறை ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டே விழுந்திருக்கிறேன். காலையில் பதறி எழுந்து ஆபீசுக்கு ஓடி, முதல் வேலையாக விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ரோமில் மூடுபனியாம். காலை விமானம் வெகுநேரம் கிளம்பவே இல்லை. நான் போட்டிருந்த நாலு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. அதற்குள் அக்கா இறங்கி, கூடத்தைக் கண்டுபிடித்து, பலகையைத் தேடி, அம்மாவைப் பார்த்தாளா? அதற்குள் அம்மாவை விமானம் ஏறும் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தால்? நியூயார்க் விமானத்தில் அம்மா ஏறிவிட்டாள் என்பதை மட்டும்தான் அவர்களால் சொல்ல முடிந்தது.

அன்று பகல் முழுக்க மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டேன். மிலானிலிருந்து வியன்னாவுக்கு எவ்வளவு நேரம் என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லிவிட்டு, உங்களுக்கு அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். யாரையும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் விமான நிலையத்தில் நானும் என் கணவரும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா வந்தாள். ஒரு நெட்டைக் கறுப்பர் தள்ளிக்கொண்டு வந்தார். மடியில் கைப்பை, அதன் மேல் எவர்சில்வர் டப்பா, கழுத்துவரை ஸ்வெட்டர். என்னைக் கண்டதும் கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இப்ப எழுந்திரிக்கலாமா?"

"எழுந்திரும்மா. அக்கா வந்தாளா?"

"வந்தா" என்றபடி எழுந்து, சேலையை உதறிவிட்டு, முதலில் என் வயிற்றைத் தொட்டாள். "இறங்கிருச்சேடீ வயிறு. இன்னமுமா வேலைக்குப் போற?"

காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள். மற்றதெல்லாம் மறுநாள் சமையலறையில்தான் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதி போய்க் கோபம் வந்தது.

அக்கா ஓடித்தான் வந்திருக்கிறாள். பலகையின் கீழே நாற்காலியில் அம்மா. பக்கத்தில் நாற்காலி தள்ளும் ஜெர்மன் பையன். அக்கா, "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். அம்மா எழுந்திருக்கவில்லை. அக்கா தரையில் முழங்காலிட்டு அம்மாவின் மடியில் தலையை வைத்திருக்கிறாள். திருச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த, பொடி தடவிய இட்லி டப்பாவில் இருந்தது. முழங்காலிட்டபடியே அக்கா ஐந்து இட்லி சாப்பிட்டிருக்கிறாள். பார்த்தவர்கள் கன்னியாஸ்திரி செபம் செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள். பிறகு அந்தப் பையனிடம் இருந்து நாற்காலியை வாங்கி, நேரம் ஆகும்வரை அந்தக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அம்மாவைத் தானே தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள். கடைகளில் சாக்லேட்டையும் கைக்கடிகாரத்தையும் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள்.

"கடைசியில போறப்பயாச்சும் எழுந்திரிச்சியா?"

"இல்ல."

"ஏம்மா?"

"நீதான எழுந்திரிக்காதன்ன?"

தலையில் அடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையை ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிற இடத்தில் கூடவா என் பேச்சு? என் சின்ன வயதில் நான் சொன்ன ஒரு சொல்லையாவது இவள் கேட்டிருப்பாளா? இத்தனை பாடும் பட்டு, வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் வழி தேடிக்கொடுத்தது, ஒருத்தி உட்கார்ந்திருக்க ஒருத்தி மண்டிபோடவா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று கத்தினேன். அம்மா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே போன் செய்தாள். மடத்தில் போன் நடைவழியில் இருந்தது. யாராவது கடந்துபோனால் அவள் குரல் இறங்கும். அம்மாவைச் சக்கர நாற்காலியில் பார்த்துப் பயந்துபோயிருப்பாள், எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

"அம்மா காலுக்கு ஒண்ணும் இல்லக்கா. அது இங்க எல்லாரும் பண்றதுதான், வழி தெரியாம போயிடக் கூடாதுன்னு..."

"தெரியும்டீ" என்றாள். "நான் நாள் பூரா பாக்குறது என்ன? மண்டி போட்டப்பவே முட்டியத் தொட்டுப் பாத்தேன். உன்னையும் என்னையும் விட நல்ல காலு."

"அப்ப எழுந்திரின்னு சொல்ல வேண்டியதுதானே?"

நடைவழியில் யாரோ போனார்கள் போலிருக்கிறது. குரல் இறங்கியது. "அவங்க எழுந்திரிக்கல. நானும் சொல்லல" என்றாள். உடனே, உனக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது, உப்பைக் குறை என்று நர்ஸாக மாறிவிட்டாள். இந்த வீட்டில் எதையும் நேராகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது என்று எரிச்சலோடு போனை வைத்தேன்.

பனிக்காலத்தில் மகள் பிறந்தாள். அந்த மாதங்கள் எனக்குத் தனித்தனியாக நினைவில் இல்லை. அரைத் தூக்கமும் பால் வாடையுமாக ஒரே கட்டியாகத்தான் இருக்கிறது. அம்மாதான் வீட்டைத் தாங்கினாள். என் கணவரின் பழைய கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பனி வழித்த பார்க்கிங் லாட்டில் நடந்துவிட்டு வருவாள். வழுக்கினால் என்ன ஆவது என்று நான் கத்துவேன். "எங் காலு நல்ல காலுடீ" என்பாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயும் நடப்பாள். பிராங்க்பர்ட் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்றாம் மாதமே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். போன் மணியும் அதே கேள்விகளும் அப்படியே இருந்தன.

பனி உருகி மரங்களில் துளிர் வந்தபோது அம்மா திரும்பும் டிக்கெட்டைப் போட வேண்டியிருந்தது. இந்தமுறை எனக்கு ரோஷம். அட்டவணையை வைத்துக்கொண்டு இன்னும் நல்ல இணைப்பாகப் பிடித்தேன். காலையில் அம்மா பிராங்க்பர்ட்டில் இறங்கினால் மாலைவரை நேரம் இருந்தது. வசந்தத்தில் மூடுபனித் தொல்லை இருக்காது. அக்காவும் மதரிடம் கேட்பதாகச் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ வீல் சேர் போடலம்மா. வழி முழுக்க நம்ம ஊர்க்காரங்க ஒரு குடும்பம் கூட வருது. நீ அவங்களோட நடந்தே போயிடலாம். அக்காவ நல்லா நின்னு கட்டிப் பிடிச்சிட்டுப் போ."

"வேணாம். சேர் போடு."

"எதுக்கும்மா? உன்ன யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. நான் அன்னைக்குச் சும்மா பயமுறுத்தினேன்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "தள்ளிட்டு வந்த பையன்கூட, வேணும்னா எழுந்து கொஞ்சம் நடங்கன்னு சைகை காட்டுனான்."

மடித்துக்கொண்டிருந்த துணியை என் கையிலிருந்து யாரோ பிடுங்கியது போல இருந்தது. அப்போதுதான் நானும் மடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது.

"அப்ப ஏன் எழுந்திரிக்கல? இத்தன மாசமா நான் சொன்னதாலன்னு நான் இல்ல நெனச்சிட்டு இருக்கேன்?"

அம்மா மடித்தவற்றைச் சின்னதும் பெரியதுமாகப் பிரித்து வைத்தாள்.

"எழுந்திரிச்சா கட்டிப் பிடிச்சிருப்பேன். பிடிச்ச கைய அப்பறம் யாருடீ எடுக்குறது? நானா எடுப்பேன்? அவளா எடுப்பா? அவ சாயந்தர செபத்துக்குப் போவணும், நான் உன் பிரசவத்துக்கு வரணும். ஒக்காந்திருந்ததால வந்து சேந்தேன்." பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, "பின்னால நின்னு தள்ளிட்டு வந்தா பாரு, அதுதான் நல்லா இருந்துச்சு. அவ மூஞ்சி எனக்குத் தெரியல, எம் மூஞ்சி அவளுக்குத் தெரியல. ரெண்டு பேரும் நல்லா பேசிட்டே போனோம்" என்றாள்.

நான் அழுதேன். பிள்ளை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது. அம்மா எங்கள் இருவரில் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் தூரம் சொன்னவள் நான். அந்தக் கூடத்தில் நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே இருந்த தூரத்தை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் ஆபீசில் டிக்கெட்டை உறுதி செய்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். மதர் அனுமதி கொடுத்துவிட்டார்களாம், மாலைச் செபத்துக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லையாம். விமான நேரங்களைச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள். பொடி இட்லி இந்தமுறை நியூ ஜெர்சி இட்லியாக வரும், கல் மாதிரி இருக்கும், திட்டாதே என்றேன். சிரித்தாள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்கு வீல் சேர் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

"சரி" என்று சொல்லி போனை வைத்தாள்.